ஓட்டையைப் பார்த்து வாங்கிய மணிகள்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் மீன்பிடி சாமான் விற்கும் கடைகள் உண்டு. வலை, மிதப்பு, ஈயக் குண்டு, தூண்டில் முள், நரம்பு. பத்துப் பதினொரு வயதில் நான் அங்கே நரம்பு வாங்கப் போவேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே "எந்த மீனுக்கு?" என்பார். "மணி கோக்கறதுக்கு" என்றால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மெல்லிய கண்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

மணிகள் ஆயாவுடையவை. ஆயா பழைய பால்பவுடர் டப்பாவில் உதிரி மணிகளைச் சேர்த்து வைத்திருந்தது. அறுந்துபோன கருகமணிச் சரம், யாரோ குழந்தைக்குக் கட்டிவிட்டு அவிழ்த்த கறுப்பு மணி, திருவிழாக் கடையில் வாங்கிய பச்சையும் சிவப்பும். மதியத்தில் எல்லாரும் தூங்கும் நேரம் அதைத் தரையில் கொட்டி நிறம் பிரிப்பேன். அந்தச் சத்தத்துக்கு ஆயா மட்டும் எழுந்துகொள்ளாது. வேறு எந்தச் சத்தத்துக்கும் எழுந்துவிடும்.

இன்று நான் புதுச்சேரியில் இருக்கிறேன். பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. இரவில் நகை செய்கிறேன், கண்ணாடி மணி நகை மட்டும். என் அலமாரியில் இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. எல்லாமே கையால் செய்த மணிகள். அவற்றைத் தேடிப் போனதையும், தெரியாமல் செய்த தப்புகளையும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. நகை செய்யத் தொடங்கும் யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு கல்யாணத்தைச் சொல்லியாக வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். நானே கோத்த செங்கல் நிற மணிச் சரம் ஒன்றை அவளுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தேன். 4 மில்லிமீட்டர் மணி, மொத்தம் 112. பட்டுப்புடவைக்கு அந்த நிறம் அவ்வளவு பொருந்தியது. வரவேற்பு மேடையில் யாரோ கட்டிப்பிடித்து வாழ்த்தியபோது சரம் அறுந்துவிட்டது. மணிகள் மேடையெல்லாம் ஓடின. நாற்காலிக்கு அடியில், பூ அலங்காரத்துக்குள், போட்டோக்காரர் காலடியில். சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் தவழ்ந்து தேடி 97 எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அறுந்த நரம்பை லென்ஸில் பார்த்தேன். பாரம் தாங்காமல் அறுந்தால் நரம்பின் முனை இழுபட்டு மெலிந்திருக்கும். இது அப்படி இல்லை. அரத்தால் ராவியதுபோல் பாதிவரை தேய்ந்து, மீதி மட்டும் அறுந்திருந்தது. அப்புறம் மணிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் ஓட்டை விளிம்பும் கத்தி முனை மாதிரி இருந்தது. குழாயாக இழுத்து, துண்டு போட்டு, ஓரத்தை மழுக்காமலே விற்றிருக்கிறார்கள். நடக்கும்போதும் திரும்பும்போதும் அந்த 112 மணிகளும் நரம்பை அறுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த நாளிலிருந்து ஒரு மணியைக் கையில் எடுத்தால் என் கண் ஓட்டைக்குத்தான் போகும். நிறமெல்லாம் அப்புறம்.

ஓட்டையைப் பார்த்தால் மணி எப்படிப் பிறந்தது என்பது தெரிந்துவிடும். இது ஏதோ பெரிய வித்தை இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும், நகைப் பட்டறையில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. கண்ணாடி மணியைக் கையால் செய்ய முக்கியமாக இரண்டு வழி. ஒன்று இழுப்பது, இன்னொன்று சுற்றுவது.

இழுப்பதைப் புரிந்துகொள்ளச் சவ்வு மிட்டாய்க்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் கழியில் சுற்றிய மிட்டாயிலிருந்து அவர் ஒரு இழை இழுத்து வாட்ச் செய்து கையில் கட்டுவாரே, அதே போல உருகிய கண்ணாடித் திரளின் நடுவில் ஒரு துளையை வைத்துவிட்டு இழுத்தால், எவ்வளவு நீளம் இழுத்தாலும் துளை உள்ளேயே கூட வரும். விரல் தடிமனில் இருந்தது ஊசித் தடிமனாக மெலிந்தாலும் குழாய் குழாய்தான். அதைத் துண்டு துண்டாக வெட்டினால் மணி. கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி ஏதாவது மாட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து இழுபட்டு, அரிசி மாதிரி நீண்டு, ஓட்டைக்கு இணையாகப் படுத்திருக்கும்.

சுற்றுவது வேறு. சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, ஒரு இரும்புக் கம்பியின் மேல் பாகு சுற்றுவதுபோல் சுற்றுவார்கள். கம்பியை உருவினால் அந்த இடம்தான் ஓட்டை. இந்த மணியில் கோடுகளும் குமிழிகளும் ஓட்டையைச் சுற்றி வளைந்து போகும். இரண்டுமே இல்லாமல் மணியின் இடுப்பில் மெல்லிய ஒரு வரப்பு ஓடினால் அது அச்சில் அழுத்தியது. கொழுக்கட்டை அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கோடு விழுமே, அதே கதை. அச்சு மணியில் குற்றம் ஒன்றும் இல்லை, அழகானவை நிறைய உண்டு. கைவேலை என்று சொல்லி அதை விற்பதுதான் குற்றம்.

பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்பதற்கு லென்ஸ்கூட வேண்டாம். இதை எனக்குச் சொல்லித் தந்தது கடற்கரையில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் அக்கா ஒருவர். மணியை உதட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. பல்லில் மெல்லத் தட்டினாலும் தெரியும். அந்த அக்கா பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, ஐந்து நிமிடத்தில் ஒரு சரத்தைக் கோத்து முடித்தார். கடைசி முடிச்சை மணிக்குள் இழுத்து மறைக்கும் அவருடைய முறையைத்தான் நான் இன்றும் செய்கிறேன். வகுப்புக்குப் பணம் கட்டிக் கற்ற முடிச்சுகளைவிட அது உறுதி.

புதுச்சேரியில் இருந்துகொண்டு கண்ணாடி மணியைப் பற்றிப் பேசினால், பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. கடலூர் சாலையில் தெற்கே நாலு கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் முன் வளையும் இடம். மாந்தோப்பும் தென்னையுமாக இருக்கும். உள்ளே நடந்தால் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் செங்கல் சுவர் மட்டும் நிற்கிறது. பார்க்க ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியதெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது.

1930-களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து மணிகளும் கற்களும் வாங்கினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அங்கே தோண்டினார். ரோமானியர் மது கொண்டுவந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்ததும் ஊர் உலகப்புகழ் பெற்றது. அப்புறம் கசால் 1947 முதல் 1950 வரை, விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை தோண்டினார்கள். ரோமானியச் சாடிகள் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது அங்கே கிடைத்த கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும், வேலை முடியாத மணிகளும், கழிவும். சாடி வெளியிலிருந்து வந்தது. மணி இங்கேயே செய்தது. கழிவு கிடைத்தால் பட்டறை அங்கேதான் இருந்திருக்கிறது என்று பொருள்.

புதுச்சேரி அருங்காட்சியகம் செயின்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரிக்கமேட்டு மணிகளை அங்கே பார்க்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும், அவ்வளவு சின்னவை. பெரும்பாலும் கொத்தமல்லி விதை அளவு, சில கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றிலும் ஒரே நிறம்தான். செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. பூ வேலை கிடையாது, கோடு கிடையாது. இழுத்துச் செய்த மணிகள். இதே வகை மணி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரைக்கும் கிடைத்திருக்கிறது. இலங்கையில் மாந்தை, தாய்லாந்து, வியட்நாம் என்று வேறு ஊர்களிலும் பிறகு இதைச் செய்திருக்கிறார்கள். பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வகைக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். இரண்டு பெருங்கடல்களின் கரைகளுக்கும் போன ஒரு பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

எங்கள் கடலூர்ப் பக்கமும் குறைவில்லை. காரைக்காடு, குடிகாடு என்று இன்று தொழிற்சாலைகள் நிற்கும் பகுதியிலும் பழைய மணிகள் கிடைத்திருக்கின்றன. பரங்கிப்பேட்டைக்கு அருகே ஒரு ஊர், அங்கேயும் மணி செய்த தடயம் உண்டு. ஊரின் பெயர் மணிக்கொல்லை. கொல்லையில் மணி விளைந்த ஊர் என்று ஆயா சொல்லும். சிறுவயதில் அதைக் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

அருங்காட்சியகத்தில் அந்தச் செங்கல் சிவப்பைப் பார்த்தபோது எனக்குக் கல்யாண மேடையில் உதிர்ந்த மணிகள்தான் நினைவுக்கு வந்தன. அதே நிறம். இந்தச் சிவப்பு சுலபமான நிறம் இல்லை. நீலத்துக்குக் கோபால்ட் கொஞ்சம் போதும், ஊதாவுக்கு மாங்கனீசு. சிவப்புக்குத் தாமிரம், ஆனால் தாமிரத்தைச் சும்மா போட்டால் கண்ணாடி பச்சையாகவோ மயில்கழுத்து நிறமாகவோதான் வரும். உலையில் காற்று குறைந்து புகை மூட்டமாக இருந்தால்தான் தாமிரம் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நின்று செங்கல் சிவப்பைக் கொடுக்கும். கொஞ்சம் அதிகக் காற்று புகுந்தால் நிறம் மாறிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் தீயின் நிறத்தையும் புகையையும் மட்டும் பார்த்து இதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். காவலர் வந்து நேரமாகிறது என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

அந்த வேலை அழிந்துவிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் பக்கம் ஏர்பேடு, அதற்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை. பீட்டர் பிரான்சிஸ் அந்த ஊரில் மணி செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் அரிக்கமேட்டு மணிகள் எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று விளக்கினார். நான் ஒருமுறை திருப்பதி போய்த் திரும்பும்போது வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்த ஊருக்குள் வண்டியை விட்டோம். அன்று உலை எரியவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தில் மணி குவிந்திருக்க, ஊசியைக் குவியலுக்குள் செருகி வாரி எடுத்தார்கள். ஒவ்வொரு வாரலுக்கும் ஊசியில் மணிகள் வரிசையாக ஏறி வந்தன. நான் மணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பவள். என் ஒரு மாத வேலை அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது.

தெலுங்கு எனக்கு அரைகுறை. அவர்கள் வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் தெரிந்தது. உலையை விளக்கினார். லாடா என்று ஒரு நீண்ட இரும்புக் குழல். அதன் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டித் திரட்டிக் கூம்பாகச் சேர்ப்பார்கள். குழலுக்குள்ளே ஒரு கம்பியை விட்டுக் கூம்பின் நடுவே துளை ஏற்படுத்திவிட்டு, உலைக்குள் வைப்பார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் கண்ணாடியின் முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்குவார். ஒருமுறை தொடங்கினால் கூம்பு தீரும்வரை கை நிற்கக் கூடாது. வேகமாக இழுத்தால் குழாய் மெலியும், மெதுவாக இழுத்தால் பருக்கும். மணி எந்த அளவு என்பதை அந்தக் கைதான் தீர்மானிக்கிறது. இழுத்த குழாயை ஒடித்து, கட்டாகச் சேர்த்து, கத்தி முனையில் வைத்து வெட்டுவார்கள்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியது. வெட்டிய மணிகளைச் சாம்பலோடு கலந்து பிசறுவார்கள், ஓட்டையெல்லாம் சாம்பல் நிறையும். அப்படியே சட்டியில் போட்டுச் சூடாக்கிக் கிளறுவார்கள். வெட்டுப்பட்ட விளிம்பு மட்டும் இளகி உருண்டுவிடும். சாம்பல் இருப்பதால் ஓட்டை மூடிக்கொள்ளாது, மணியோடு மணி ஒட்டாது. கல்யாணத்தில் அறுந்த சரத்தில் விட்டுப்போனது இந்த ஒரு வேலைதான். சாம்பலில் வறுக்கும் வேலை. அதை மிச்சம் பிடித்தவருக்கு எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று யோசித்தால் மனம் ஆறவில்லை.

அங்கே கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றிலும் கொத்துக் கொத்தாக வாங்கினேன். விலை கேட்டபோது வெட்கமாக இருந்தது, அவ்வளவு குறைவு. பேரம் பேசவில்லை. கைமணி வாங்கும்போது பேரம் பேசுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

சுடரில் சுற்றிச் செய்யும் பெரிய மணிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகை செய்கிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். வாரணாசி இதற்குப் பேர்போன ஊர், அந்த ஊர்க் கண்ணாடி மணிக்குப் புவிசார் குறியீடே உண்டு. உத்தரப் பிரதேசத்தில் புர்தில்நகரும் மணி ஊர்தான். சென்னை பாரிமுனைச் சந்துகளில் இவை சரமாகக் கிடைக்கும். தனியாகச் சிறு பட்டறை வைத்துச் செய்பவர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

ஒருமுறை இணையத்தில் ஒருவரிடம் மீன்கண் போல வட்டம் வைத்த மணிகள் அறுபது வாங்கினேன். அவ்வளவு அழகு. டப்பாவில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் இரவு அலமாரிக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு மணி சரிபாதியாகப் பிளந்து கிடந்தது. யாரும் தொடவில்லை, விழவில்லை. அந்த மாதத்துக்குள் ஒன்பது மணிகள் அப்படிப் போயின. விற்றவரிடம் கேட்டேன், பதில் வரவில்லை.

காரணம் ஆறவைக்காததுதான். சுடரிலிருந்து எடுத்த மணியின் மேல்தோல் முதலில் ஆறி இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இறுகிய தோல் விடாது. இந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிடும். நாளையோ ஆறு மாதம் கழித்தோ, ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்த நேரத்திலோ அது வெடிக்கும். அதனால் செய்த மணியைச் சுமார் 500 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அதற்கென்று மின்சூளை உண்டு. சூடான சாம்பலில் புதைத்து வைப்பது பழைய வழி. சின்ன மணிக்கு அது ஓரளவு போதும், பருத்த மணிக்குப் போதாது. வேறு வேறு வகைக் கண்ணாடியை ஒரே மணியில் கலந்தாலும் இதே கதிதான். சூட்டில் ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும், ஆறும்போது ஒன்றையொன்று கிழிக்கும்.

வாங்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளி ஊடுருவும் மணியானால் ஒரு வழி இருக்கிறது. கணினித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவையுங்கள். போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கண் முன்னால் பிடித்துத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். அந்த நிலையில் மணியைத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பிடியுங்கள். ஒழுங்காக ஆறிய மணி இருட்டாகவே இருக்கும். உள்ளே இழுபறி இருந்தால் அந்த இடம் வெளிச்சமாகப் பூக்கும். பழைய திரைகளில், கைப்பேசிகளில் சிலவற்றில் இது சரியாகத் தெரியாது, சாதாரண எல்.சி.டி. திரை நல்லது. ஒளி ஊடுருவாத மணிக்கு இந்தச் சோதனை உதவாது. அப்போது செய்தவரிடமே "சூளையில் ஆறவைத்தீர்களா, எவ்வளவு நேரம்?" என்று கேட்பதுதான் வழி. ஒழுங்காகச் செய்பவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். சந்தோஷமாகப் பத்து நிமிடம் பேசுவார்.

சுற்றிய மணியின் ஓட்டைக்குள் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் அது கண்ணாடி கம்பியில் ஒட்டாமல் இருக்கப் பூசிய மண்பூச்சு. அதைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் சுரண்டி எடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் குடைந்தால் தூசி மூச்சில் போகும், நுரையீரலுக்கு ஆகாது. எடுக்காமல் விட்டாலும் அந்தப் பூச்சு உப்புத்தாள் மாதிரி நூலைத் தின்றுவிடும்.

எடையையும் யோசிக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் உருண்டை மணி ஒன்று இரண்டேகால் கிராம் வரும். கழுத்துக்கு நாற்பது கோத்தால் 90 கிராம், அதாவது பதினோரு பவுன் எடை. பதினோரு பவுன் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்க முடியுமா என்று எங்கள் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பாரம் ஒரு நூலில் தொங்குகிறது என்பதை மறந்துவிடுவோம். அதனால் பெரிய மணிக்குக் கியர் வயர் என்னும் மெல்லிய எஃகுக் கம்பி, சின்ன மணிக்கு மெழுகு நூல், நடுவில் மணிக்கு மணி முடிச்சு. முடிச்சு போட்டால் மணிகள் ஒன்றோடொன்று மோதிச் சில்லு தெறிக்காது. கொக்கிக்குப் பித்தளை வேண்டாம், நம் கடற்கரைக் காற்றுக்கு இரண்டு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடும். வெள்ளியும் கறுக்கும், ஆனால் துலக்கிக்கொள்ளலாம்.

போன வருடம் ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிக்கமேட்டை ஒட்டிய காக்காயந்தோப்புப் பக்கம் ஒரு அம்மா வீட்டுக்குப் போனேன். எனக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பவரின் மாமியார். நான் மணி சேர்ப்பது அவர் காதுக்குப் போயிருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு விபூதி டப்பாவை எடுத்து வந்தார். திறந்தால் மணிகள். சிவப்பு, மஞ்சள், நீலம், நடுவில் ஒன்றிரண்டு பச்சை. மண் இன்னும் ஓட்டைகளில் இருந்தது.

"மழை பேஞ்சா கொல்லையில தானா வெளிய வரும் பாப்பா. எங்க மாமியா காலத்துலேர்ந்து பொறுக்கி வெச்சது. வெள்ளக்காரங்க வந்து காசு குடுத்து வாங்கினு போவாங்க. நீ எடுத்துக்கினு போ."

எனக்குக் கை நடுங்கியது. வேண்டும் என்ற ஆசை இல்லை என்று சொன்னால் பொய். லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குமிழிகள் அரிசி மாதிரி ஓட்டைக்கு இணையாகப் படுத்திருந்தன. விளிம்புகள் உருண்டிருந்தன. யாரோ சாம்பலில் வறுத்திருக்கிறார்கள். பையில் இருந்த பாப்பாநாயுடுபேட்டைச் சரத்திலிருந்து ஒரு சிவப்பை உருவி அவற்றோடு உள்ளங்கையில் வைத்தேன். கண்ணை மூடி ஒருமுறை குலுக்கிவிட்டுத் திறந்தால் எது புதிது என்று எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பளபளப்பு அதிகம், அவ்வளவுதான். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, நம்ம மணியேதானே" என்றார்.

நான் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள், உரிமம் இல்லாமல் விற்பது 1972-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மண்ணில் இருக்கும்வரை அந்த மணிக்கு மேலே என்ன கிடந்தது, கீழே என்ன ஓடு கிடந்தது என்று சொல்ல வாய் இருக்கும். பக்கத்தில் குழாய்த் துண்டு கிடந்தால் பட்டறை, எலும்பு கிடந்தால் இடுகாடு. என் டப்பாவுக்கு வந்துவிட்டால் அது வெறும் அழகான மணி. அழகான மணி வேண்டுமென்றால் எனக்கு இன்றைக்கும் உலைக்கு முன்னால் உட்கார்ந்து இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். தோண்டி எடுத்த மணிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் அதே மணியை அதே முறையில் செய்யும் கைக்கு நூறு ரூபாய் கொடுக்க யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. விற்க வேண்டாம், மியூசியத்தில் ஒருமுறை காட்டுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். பையன் வரட்டும், கேட்டுப் பார்க்கிறேன் என்று டப்பாவை மூடினார். கோபம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது, பரிசாகக் கொடுக்க வந்தவருக்கு அது இருக்கத்தானே செய்யும்.

அப்புறம் அவரே கேட்டார். பேரனுக்கு ஏழு மாதம், கையில் கட்டக் கறுப்பு மணி வேண்டும், கடையில் வாங்கியதெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கிறது. என்னிடம் பாப்பாநாயுடுபேட்டைக் கறுப்பு இருந்தது. மெழுகு நூலை எடுத்தேன். அவர் தலையாட்டினார்.

"அது வேணாம். புள்ள கை எதுலயாவது மாட்டிக்கினா இழுத்த உடனே அறுந்துடணும். பருத்தி நூல் போடு. அறுந்தாலும் எல்லாம் கொட்டக் கூடாது, வாயில போட்டுக்கும்."

இத்தனை வருடமாக அறுந்துவிடாத நூலைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டிலேயே இருந்த ஒற்றை இழைப் பருத்தி நூலில், மணிக்கு ஒரு பக்கம் மறுபக்கம் முடிச்சு வைத்துப் பதினேழு கறுப்பு மணி கோத்தேன். அரை மணி நேரம் ஆனது. திண்ணையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

முடித்துக் கையில் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தார். பட்டென்று அறுந்தது. ஒரே ஒரு மணி மட்டும் உருண்டு என் கால் பக்கம் வந்தது, மற்றதெல்லாம் முடிச்சில் நின்றன.

"சரி, இந்த நூலே போதும். இப்ப கட்டு" என்றார்.

மணியைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கோக்கத் தொடங்கினேன்.